செத்த வீட்டில் சொல்லக்கூடாதது

ஒலிப்பதிவில் ஒரு குரல் கூடுதலாக இருந்தது.

தாரிகா இயர்போனைக் காதோடு அழுத்தி மறுபடி கேட்டாள். குசினிக்குள் அம்மா தேங்காய் திருவும் சத்தமும், கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போய் ஓய்ந்த அதிர்வும், வெள்ளவத்தை மாடிவீட்டு யன்னலால் வந்த உப்புக் காற்றும் எல்லாம் வழக்கமான பின்னேரம்போலத்தான் இருந்தன. நாளைக்குக் கம்பஸில் சமூகவியல் பிரசன்டேஷன். கொழும்புத் தமிழரின் மரணச் சடங்குகள் என்று தலைப்பு வைத்து, படமும் மேற்கோளுமாக ஸ்லைட் ஸ்லைடாக அடுக்கியிருந்தாள். நேரில் பார்த்து எழுதினால் தனிப் புள்ளி என்று லெக்சரர் சொன்னதால், தோழி ரொஷேலின் தயவில், கொட்டாஞ்சேனையில் முன்பின் தெரியாத நாகேந்திரம் என்பவரின் செத்த வீட்டுக்கே போய், போனில் பதிவு செய்துகொண்டு வந்துவிட்டாள். புள்ளி ஆசை யாரைத்தான் விட்டது?

பதிவில் தேவாரம் ஓய்ந்ததும் அந்த மனிதரின் மனைவி துஷ்யந்தியின் குரல் வந்தது. நேரில் பார்த்தபோது அவளுடைய கையில் மாவுக்கட்டு இருந்தது. "படியில விழுந்திட்டன்." அழவே இல்லை அந்தப் பெண். பிறகு தாரிகாவின் மரியாதையான குரல். "அப்ப போட்டு வாறன், அன்ரி."

அதற்குப் பிறகுதான் அது. ஓர் ஆணின் குரல், போனுக்கு மிக அருகில்.

"நீங்கள் ஏன் பிள்ளை அலையிறியள்? நான் வாறன்."

"அம்மா, செத்த வீட்டில வெளிக்கிடேக்க என்ன சொல்றது?" என்று குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

திருவல் சத்தம் நின்றது. "ஒண்டும் சொல்லக்கூடாது. பேசாமல் எழும்பி வாறதுதான். ஏன், நீ ஏதும் சொன்னனியே?"

"இல்லை."

பொய். வெட்கமாகவும் இருந்தது, அதே வழக்கத்தை அவளே ஒரு ஸ்லைடில் எழுதியிருந்தாள். யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் போட்டு வாறன், அதாவது போய்த் திரும்பி வருகிறேன், என்று சொல்லி வளர்ந்த நாக்கு, பிணத்தின் தலைமாட்டிலும் அதையே சொல்லிவிட்டது. அப்போது துஷ்யந்தி அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தாள், அவருக்குக் கேட்டுவிட்டதா என்று பார்ப்பதைப்போல.

பதிவை அழித்தாள். சத்தம் நிற்கவில்லை. தோல் வார் இறங்கும் சத்தம். ஒரு பெண் மூச்சை அடக்கும் சத்தம். மறுபடி வார். இயர்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

அது காதுக்குள் இல்லை. மாடிப்படியில் ஏறி வந்துகொண்டிருந்தது.

கதவு பூட்டித்தான் இருந்தது. பூட்டியபடியே இருக்க, சாம்பிராணியும் பன்னீரும் சாராயமும் கலந்த வாடை அவளுடைய தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. குசினிப் பக்கம்.

கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

கன்னத்தில் ஓர் அறை விழும் சத்தம். இன்னொன்று. தேங்காய்ப் பாதி ஒன்று வாசலுக்கு உருண்டு வந்தது. வெள்ளையில் சிவப்பு.

ஓடினாள். அம்மாவின் கூந்தல் மேலே இழுபட்டு, ஒரு கையைச் சுற்றியதுபோல் காற்றில் முறுகி நின்றது. கை இல்லை. தலை சுவருக்குப் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. தாரிகா அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். ஏதோ ஒன்று அவளுடைய விரல்களை அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகப் பின்னுக்கு மடக்கியது. முறிந்தன. கத்தினாள்.

பிடி விட்டது.

முன்னறையில் ஒரு கதிரை இழுபட்டது. யாரோ பாரமாக உட்கார்ந்தார்கள்.

அம்மா சுவரைப் பிடித்து எழும்பினாள். ஒரு கண் மூடியிருந்தது, உதடு கிழிந்து தொங்கியது. மகளைப் பார்க்கவில்லை. கேத்தலில் தண்ணீர் பிடித்து, அடுப்பைப் பற்றவைத்து, நாடியால் வடிந்த இரத்தம் கோப்பைக்குள் விழாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்குச் சீனி எவ்வளவு எண்டு கேட்டுக்கொண்டு வா, பிள்ளை," என்றாள் மெதுவாக.