ரிஜிஸ்டரில் இல்லாத அப்பன்

"ஐயோ... அரிவாள்!"

வராந்தாவில் காத்திருந்த கர்ப்பிணிகள் அலறினார்கள்.

புத்தூர் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் அவன் நின்றான். சிவந்த கண்கள். கையில் அரிவாள்!

"எங்க எம் புள்ள?"

வரவேற்பு மேஜையில் இருந்த சகாயம்மாள், பி.எஸ்ஸி., எழுந்தாள்.

போன வாரம்தான் வேறோர் ஊரில் பச்சைக் குழந்தை ஒன்று திருடு போயிருந்தது. 'தகப்பன் பேர் ரிஜிஸ்டரோடு ஒத்துப் போகாவிட்டால் உள்ளே விடாதே!' என்பது டாக்டரம்மாவின் உத்தரவு.

"சம்சாரம் பேரு சொல்லுங்கண்ணே..."

"செல்லக்கிளி! விடியக்காலைல பொறந்திருக்கு. வழிய விடும்மா!"

"உங்க பேரு?"

"தாயுமானவன்!"

ரிஜிஸ்டரைப் பார்த்தாள்.

செல்லக்கிளி. கணவர் பெயர்... விநாயகம்!

பிள்ளை பிடிக்கிறவன்!

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க..."

"எம் பேர நானே யோசிக்கணுமா?"

மேஜையில் குத்தினான். மைக்கூடு துள்ளியது.

அவள் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"கோவப்படாதீங்கண்ணே. பச்சப்புள்ளயத் தொடணுமில்ல? அரிவாள இப்படி வச்சிட்டு, அந்த ரூம்ல கை கழுவிட்டு வாங்க. சோப்பு இருக்கு."

அவன் சட்டென்று சாதுவானான். அரிவாளை வைத்தான். உள்ளே போனான்.

தடால்!

வெளியே தாழ்ப்பாள்.

"ஏய்... கதவத் தொற! செல்லக்கிளீ...!"

சகாயம்மாள் போனை எடுத்தாள்.

"எக்ஸ்சேஞ்சா? போலீஸ் ஸ்டேஷன் குடுங்க! புள்ள புடிக்கிறவனப் புடிச்சிட்டேன்!"

பத்தே நிமிடம். ஏட்டு பிச்சமுத்து சைக்கிளில் வந்து இறங்கினார். அரிவாளை முகர்ந்தார்.

"ரத்தமா சார்?"

"வாழைக் கறைம்மா! வாசல்ல ஒரு தாரு வேற சாத்தி வச்சிருக்கு..."

அப்போது சுவரைப் பிடித்தபடி செல்லக்கிளி வந்தாள்.

"எங்க வீட்டுக்காரர எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்க?"

"நீங்கதானே விநாயகம்னு..."

"புருசன் பேர வாயால சொல்லுவாங்களா? மலைக்கோட்டை சாமி பேருன்னேன். நீங்க 'பிள்ளையாரா?'ன்னீங்க. நான் வலியில 'ஆ...'ன்னேன்!"

அந்த 'ஆ...'தான் சகாயம்மாளின் காதில் 'ஆமா' என்று விழுந்திருந்தது!

கதவு திறந்தது. முழங்கை வரை சோப்பு நுரையோடு தாயுமானவன்!

"சுகப்பிரசவம் ஆனா மலைக்கோட்டை சாமிக்கு வாழைத்தாரு வேண்டுதல்ம்மா. தார வெட்டின கையோட ஓடி வந்தேன்..."

சகாயம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பேனாவால் விநாயகத்தை அடித்தாள்.

செல்லக்கிளி சிரித்தாள்.

"பாதி மலையிலயே எங்க வீட்டுக்காரரு பேருல ஒரு சாமி இருக்காரு... நீங்க எதுக்கும்மா உச்சிப் பிள்ளையார் வரைக்கும் ஏறினீங்க?"