ஏழு நாள் கோள்

“அப்படின்னா திங்கட்கிழமை காலைல எனக்கு அது ஞாபகமே இருக்காதா சார்?”

“இருக்காதும்மா. தூங்கி எழுந்தா போயிருக்கும். வலிச்சதா யாரும் இதுவரைக்கும் புகார் சொன்னதில்ல.”

“வலிச்சது ஞாபகம் இருந்தாத்தானே சார் புகார் சொல்லுவாங்க?”

அகஸ்டினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்கலைக்கழக வானியல் துறையின் வாரமடலுக்குப் பதினோரு ஆண்டுகளாக அவர்தான் பொறுப்பாளர். முன்பெல்லாம் வாரமடல் என்பது மாணவர்கள் திறந்துகூடப் பார்க்காத ஒரு மின்னஞ்சல். நினைவேற்றி என்ற கருவி வந்த பிறகு படிக்கிற வேலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காதோரம் ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டு படுத்தால் போதும். திங்கள் விடியும்போது, அந்த வாரம் வானத்தில் கண்டறிந்ததெல்லாம் தலைக்குள் இருக்கும். தவறென்று தெரிந்தவை சுவடில்லாமல் போயிருக்கும். பழைய பிழையும் புதிய உண்மையும் ஒரே தலையில் கிடந்தால் பிள்ளைகள் தேர்வில் குழம்புகிறார்கள் என்று எடுத்த முடிவு அது.

இந்த வாரம் நீக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எதிரே நிற்கும் இரண்டாமாண்டு மாணவி தில்லைநாயகி கண்டுபிடித்த கோள்.

வடக்கே துருவ விண்மீனுக்கு அருகே தாழ்வாகத் தெரியும் ஒரு மங்கலான விண்மீனை அவள் ஐந்து வாரம் விடாமல் பார்த்திருந்தாள். சரியாக ஏழு நாளுக்கு ஒருமுறை அதன் ஒளி குறைந்தது. குறுக்கே ஒரு கோள் போகிறது என்று எழுதிக் கொடுத்தாள். துறையே கைதட்டியது. ஆறாவது புதன்கிழமை அந்தியில் அவளுக்கே சந்தேகம் தட்டி, தொலைநோக்கியை விட்டு வெளியே வந்து, கீழே விடுதி இருக்கும் மலைச்சரிவை எட்டிப் பார்த்தாள். புதன்கிழமை விடுதி மெஸ்ஸில் பிரியாணி. விறகடுப்பு. புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை நேராகப் போய் அந்த விண்மீனை மறைத்துக்கொண்டிருந்தது.

“‘பிரியாணிக் கோள்’னு பேர் வெச்சுட்டாங்க சார். தயிர் வெங்காயம் அதோட நிலாவாம்.”

“அதையும் எல்லாரும் மறந்துடுவாங்க. உனக்கு நல்லதுதானே?”

“கேலி போகட்டும் சார். புகைதான் காரணம்ங்கறதும் சேர்ந்து போயிடுமே? இதே மாதிரி முன்னாடி எதையாவது நீக்கியிருக்காங்களான்னு ஒருதடவை பாருங்களேன்.”

நீக்கியதை இயந்திரம் மறப்பதில்லை. அதைத் திறந்து பார்க்கும் வழக்கம்தான் யாருக்கும் இல்லை. அகஸ்டின் விண்மீனின் எண்ணைத் தட்டினார். நான்கு வரிகள் வந்தன. நான்கு ஆண்டுகள், நான்கு மாணவர்கள், அதே விண்மீன், அதே ஏழு நாள். பிழை எப்படி நேர்ந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒப்புதல் மட்டும் இருந்தது: அகஸ்டின்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நான்கு பிள்ளைகள் இதே மேசைக்கு முன்னால் வந்து நின்றிருக்கலாம், அழுதிருக்கலாம். ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை. வாராவாரம் அவரும்தானே வில்லையை ஒட்டிக்கொண்டு படுக்கிறார்.

“இந்த வாரம் மடல் ஏத்தற பட்டியல்லேர்ந்து என் பேரை எடுத்துடுங்க சார்,” என்றாள் தில்லைநாயகி.

“மடல் ஏறலைன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க. ஒரு வருஷம் போயிடும். விளையாட்டில்லம்மா. எங்களுக்கும் அதே விதிதான். ஏத்திக்கலைன்னா ஆறு மாசம் பாதிச் சம்பளம்தான்.”

“தெரியும் சார். அப்பாகிட்ட சொல்லிட்டேன். அரைமணி நேரம் திட்டினார்.”

மணி ஐந்தாக நான்கு நிமிடம் இருந்தது. ஐந்துக்குப் பட்டியல் பூட்டிக்கொள்ளும். அகஸ்டின் அவள் பெயரை அழித்தார். நிமிர்ந்து பார்த்தார். அவள் இன்னும் போகவில்லை.

“சார், ரெண்டு வருஷத்துல நான் படிப்பை முடிச்சுட்டுப் போயிடுவேன். அதுக்கப்புறம் எவளாவது ஒருத்தி ஓடி வந்து கோள் கிடைச்சிருச்சுன்னு உங்ககிட்ட சொல்லுவா. அவகிட்ட போய் மெஸ்ஸை எட்டிப் பாருன்னு சொல்ல இங்க ஒரு ஆள் வேணும் இல்லையா? உங்க பேரையும் எடுத்துடுங்க சார்.”