எதிர்க்குழாயில் தண்ணீர்

காலை பத்து மணிக்கு அவள் பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்தபோது கையிலிருந்த பாட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கணவரின் நெஞ்சில் கட்டியிருந்த நீர், மேல் வார்டில் இப்போதுதான் எடுத்தது. அதில் புற்றுநோய் செல் தெரிந்தால் நாளைக்கே மருந்து ஆரம்பிப்பார்கள், மனிதர் பிழைத்துக்கொள்வார். தெரியாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நோய் உள்ளே இருந்தாலும். அதைப் பார்த்துச் சொல்வதுதான் பதினாறு வருடமாக அவளுக்குச் சோறு போடும் வேலை.

"இத நானே பாக்குறேன் டாக்டர். வேற யாரும் தொட வேண்டாம்."

"வீட்டுக்காரருன்னதும் அக்கறை பொத்துக்கிட்டு வருதா?" பெரிய டாக்டர் விளையாட்டாகத்தான் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது.

நீரைக் குழாயில் ஊற்றி இயந்திரத்தில் சுற்றவிட வேண்டும். அடியில் படியும் வண்டலில்தான் செல்கள் இருக்கும். மூன்று மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு பெண்மணியின் நெஞ்சு நீரை இந்த மகராசி சுற்றவே இல்லை. மேலாக ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்து, 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டாள்.

"நல்லா பாத்தியாம்மா?" ஜன்னலுக்கு வெளியே நின்று அந்த அம்மாள் கேட்டாள்.

"பாத்தாச்சும்மா. ஒண்ணுமில்ல, நிம்மதியா போங்க."

அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நாற்பதாம் நாள் பின்வாசல் வழியாகப் பிணமாகப் போனாள்.

இன்று அப்படியெல்லாம் இல்லை. கணவரின் குழாயை வைத்தாள். இயந்திரம் ஆடாமலிருக்க, எதிர்ப்பக்கக் குழாயில் அதே அளவு வெறும் தண்ணீர். ஐந்து நிமிடம் சுற்றியது. மூடியைத் திறந்தாள்.

கணவரின் குழாய் அடிவரை தெளிந்திருந்தது.

தண்ணீர்க் குழாயின் அடியில் வெள்ளை வண்டல்.

மாற்றி வைத்துவிட்டோமோ? குழாய்களைக் கழுவி, பாட்டிலிலிருந்து மறுபடி ஊற்றி, எதிர்க்குழாயில் புதிதாகத் தண்ணீர் பிடித்து, சுற்றினாள்.

அதேதான்.

மூன்றாம் முறையோடு பாட்டில் காலி. தண்ணீரின் வண்டலைத் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். கொத்துக் கொத்தாக, கருத்து வீங்கிய செல்கள்.

"டாக்டர்! இது அவரோடது! தண்ணிக்கு மாறிடுச்சு டாக்டர்!"

"தண்ணிக்குக் கேன்சரா? பயத்துல குழாயை மாத்தி வெச்சிருப்ப."

"மாத்தல டாக்டர்! மறுபடி நீர் எடுங்க, உங்க கால்ல விழறேன்!"

"சொட்டு விடாம வடிச்சாச்சும்மா. இனி எதைக் குத்துறது?" அவர் மீதித் தெளிநீரைத் தானே தேய்த்துப் பார்த்தார். 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் தன் மேசைக்குத் திரும்பி வந்தபோது இயந்திரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒயரைப் பிடுங்கினாள்.

சுற்றிக்கொண்டே இருந்தது.

ஐயோ தெய்வமே என்று படிக்கட்டுக்கு ஓடினாள். எதிரே கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தார்.

"வீட்டுக்குப் போலாம் வா! ரிப்போர்ட் நல்லா வந்திருக்காமே!"

"யாரு சொன்னது உங்களுக்கு?"

"உன்னைத் தெரிஞ்ச ஒரு அம்மாதான். 'ஒண்ணுமில்ல, நிம்மதியா போங்க'ன்னு கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க. பாவம், கை ஐஸ் மாதிரி இருந்துச்சு."

அவர் மணிக்கட்டில் ஐந்து விரல் ஈரம் இன்னும் காயவில்லை.