அக்காத் பலகையின் பின்பக்கம்

காலை 8.10. மொன்றியலின் இல்-பிசார் தீவில் பனி முழங்கால் வரை கிடந்தது. வீட்டு வேலைக்கு வந்த யோசெப்பின் படிப்பறைக் கதவைத் திறந்தாள். பேரின்பநாதன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார். தொட்டுப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

8.55. மொன்றியல் காவல்துறைத் துப்பறிவாளர் துஷாந்தினி வந்தாள். இறந்தவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். வயது எழுபத்திரண்டு. மனைவி இல்லை, பெற்ற பிள்ளையும் இல்லை. பழம்பொருள் சேர்ப்பதில் தீராத பைத்தியம்.

அவருடைய இடது கைக்கடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு களிமண் பலகை. அக்காத் பேரரசை நிறுவிய சார்கோன் மன்னனின் கல்வெட்டை, ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஓர் எழுத்தர் இருபுறமும் பார்த்தெழுதிய பிரதி. திங்கட்கிழமை அது ஈராக்குக்குத் திரும்பிப் போக இருந்தது. பேரின்பநாதனே எடுத்த முடிவு.

பக்கத்தில் ஒரு தாள். நடுங்கிய கையெழுத்தில் ஒரே சொல்: ‘தலைகீழ்.’

“சாகும் நேரத்துப் பிதற்றல்,” என்றார் கூட வந்த அதிகாரி. துஷாந்தினிக்கு அதில் உடன்பாடில்லை. பொறியியலாளர்கள் பிதற்றினாலும் அளந்துதான் பிதற்றுவார்கள்.

“நான் நேற்று மூண்டு மணிக்கே வெளிக்கிட்டனான்,” என்று அழுதாள் யோசெப்பின். “தேத்தண்ணி ஊத்தி வைக்கிறது அந்த இந்தியப் பிள்ளை. பிறகு விதுர்சன் தம்பி வாறன் எண்டவர்.”

பகல் 1.30. ஆய்வுக்கூடம் போன் செய்தது. மேசைமேல் இருந்த பிளாஸ்கில் மிஞ்சிய தேநீரில் அவருடைய இதய மாத்திரைகளே அளவுக்கு மீறிக் கரைந்திருந்தன.

2.20. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் அடுக்குமாடி அறை. ஹர்ஷினி சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி. அக்காதிய மொழி படிப்பவள்; பேரின்பநாதனுக்குப் பலகையைப் படித்துக் காட்ட அவர் வீட்டுக்கு வந்துபோனவள்.

“டீ போட்டு வெச்சது நான்தான் மேடம். நாலு மணிக்குக் கிளம்பிட்டேன்.”

கைரேகை எடுத்து முடிந்த பலகையை துஷாந்தினி நீட்டினாள். ஹர்ஷினி அதை வாங்கி, கீழ் விளிம்பைத் தூக்கி மேலாகப் புரட்டினாள். விரல்கள் அப்படியே நின்றன.

“இது சாரோட பலகை இல்ல. போலி.”

“இந்த எழுத்து எழுதத் தெரிஞ்ச ஆக்கள் அந்த வீட்டிலை ஆர்?”

“நான் மட்டும்தான்.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. “என்னை அரெஸ்ட் பண்ணுவீங்களா மேடம்? நான் எதுவுமே பண்ணல.”

பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்து யாரையும் விடமுடியாது. துஷாந்தினி அவளிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கிளம்பினாள்.

4.05. புவாண்ட்-கிளேர். கடைகளின் காட்சிக்கு மாதிரிப் பொருள்கள் வார்க்கும் பட்டறை. அங்கே வேலை செய்யும் விதுர்சன் இறந்தவரின் தம்பி மகன். பத்து வயதில் தாய் தகப்பனை இழந்தவனை வளர்த்தவர் அவர்தான்.

“நாலரைக்குப் போனன் அக்கா. அஞ்சுக்கு வெளிக்கிட்டன். நல்லாத்தான் இருந்தவர்.”

“இந்தப் பலகையை முந்தித் தொட்டிருக்கிறீரோ?”

“பெரியப்பா தொட விடமாட்டார். காப்புறுதிக்குப் படம் மட்டும் எடுத்தனான். முன்பக்கம் ஒரு நாள், பின்பக்கம் மற்ற நாள். அவரே நேராக்கி வைச்சுத் தருவார்.”

“இப்ப பாரும்.”

புத்தகத் தாளைத் திருப்புவதுபோல் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். “எழுதத் தெரிஞ்சவளை விட்டிட்டு என்னை ஏன் அக்கா கேக்கிறியள்?”

மறுநாள் காலை 10.00. காவல் நிலையம். ஹர்ஷினியும் விதுர்சனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஹர்ஷினியின் கண்கள் வீங்கியிருந்தன.

“நேற்று நான் ஹர்ஷினியிட்டைக் கேட்ட கேள்வி ஒண்டுதான்,” என்றாள் துஷாந்தினி. “பலகையை எப்பிடிப் புரட்டுறது? அக்காத் எழுத்தர்கள் முன்பக்கம் முடிஞ்சதும் கீழ் விளிம்பாலை தலைகுப்புறப் புரட்டித்தான் பின்பக்கம் எழுதுவினம். புத்தகம் மாதிரி இல்லை. இந்தப் போலியை அப்பிடிப் புரட்டினால் பின்பக்கம் தலைகீழா நிக்குது. உம்மடை பெரியப்பா உயிர் போற நேரத்திலை அதைக் கண்டுபிடிச்சுத்தான் ‘தலைகீழ்’ எண்டு எழுதினவர்.”

போலியை விதுர்சன் பக்கம் தள்ளினாள்.

“மொழி தெரிஞ்ச ஆள் இந்தப் பிழை விடாது. நேரா எடுத்த ரெண்டு படத்தைப் பார்த்து, முதுகோடை முதுகு சேர்த்து வார்த்த ஆள்தான் விடும். அந்தப் படங்கள் உம்மட்டை மட்டும்தான் இருந்தது. அது போலி எண்டு நான் உமக்குச் சொல்லவும் இல்லை. பிறகேன் ‘எழுதத் தெரிஞ்சவளை’க் கேக்கச் சொன்னனீர்?”

அசல் பலகையை மேசையில் வைத்தாள். பட்டறை லாக்கரில், மதிய உணவுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்தது.

“அதை வாங்கிறதுக்கு ஆள் பாத்து வைச்சிட்டன்,” என்றான் அவன் தரையைப் பார்த்து. “அவர் சும்மா குடுக்கப் போறன் எண்டவர். பாத்ரூமுக்குப் போன நேரம் மாத்தினன். ஆனா அவருக்குத் தெரிஞ்சிடும்…”

“அதாலை மாத்திரையைக் கரைச்சீர். பழி இந்தப் பிள்ளையிலை விழட்டும் எண்டு.”

ஹர்ஷினி அசல் பலகையை எடுத்து, கீழ் விளிம்பால் புரட்டினாள். எழுத்துகள் நேராக நின்றன.

“கடைசி வரி சாபம்,” என்றாள். “இதை எடுத்துப் போறவனோட வேரைத் தெய்வங்கள் பிடுங்கட்டும், அவன் வித்தைப் பொறுக்கி எடுக்கட்டும். வித்துன்னா பிள்ளைங்க. போன மாசம் சாருக்குப் படிச்சுக் காட்டினேன். சிரிப்பார்னு நினைச்சேன். பயந்துட்டார். ‘எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. இதைத் திருப்பிக் குடுத்திடுவம்’னார்.”

விதுர்சன் நிமிர்ந்தான். “அவருக்கு ஏது பிள்ளை? ஆரைச் சொன்னவர்?”

“உங்களைத்தான்,” என்றாள் ஹர்ஷினி.