பிறவிச்சீட்டில் ஒரு கறுப்புக் கோடு

மீன் வாடை அடிக்கிற மின்கலத்தை நான் சோதனைக்கு எடுப்பதே இல்லை. தூத்துக்குடியில் இது பெரிய தொல்லை. திறன் அறுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் பழைய மின்கலத்தை வாங்கிக்கொண்டு புதிது கொடுப்போம். அறுபத்தேழில் நிற்கிறவர்களுக்கு அதுவரை பொறுமை கிடையாது. துறைமுகத்தில் ஐஸ் வாங்கி, மின்கலத்தை அதில் புதைத்து வைத்துக் காலையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். குளிர்ந்த மின்கலம் திறனைக் குறைத்துக் காட்டும், உண்மைதான். ஆனால் அது மீன் கிடந்த ஐஸ் ஆயிற்றே, என் மூக்கு என்ன செத்தா போய்விட்டது? "போயி நாலு மணி நேரம் வெளிய வச்சுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

அமலோற்பவம் என்பது என் பெயர். மீட்பு ஆலையில் பதினெட்டு வருடமாகச் சோதனை அதிகாரி. உலகம் புதிதாக லித்தியம் தோண்டுவதை நிறுத்தியும் ஏறக்குறைய அத்தனை வருடம் ஆகிறது. இருப்பதையே அரைத்து, கருந்தூளாக்கி, உலையில் ஏற்றி, மறுபடி மின்கலமாக்குகிறோம். யாருக்கும் மின்கலம் சொந்தமில்லை, பயன்படுத்தக் கொடுப்பதுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறவிச்சீட்டு உண்டு. எங்கே ஓடியது, எங்கே நின்றது, எவ்வளவு சூடேறியது என்று எல்லாம் அதில் தானாகவே பதியும். வண்டி மின்கலம் வண்டிக்கு மட்டும்தான். வேறு எதற்காவது உறிஞ்சினால் வைத்திருப்பவர் பெயரில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்தவருக்கு ஐந்து வருடத்துக்குப் புதிது கிடையாது.

பேச்சித்தாய் ஓட்டி வந்த ஆட்டோவின் மின்கலத்தில் மீன் வாடை இல்லை. திறன் அறுபத்தொன்று, சுத்தமான அளவு. என் சந்தேகமே அங்கேதான் ஆரம்பித்தது. எட்டு வருடம் உழைக்க வேண்டியது நாலே வருடத்தில் எப்படித் தேய்ந்தது? சீட்டைத் திறந்து பார்த்தேன். தினமும் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை வண்டி ஒரே இடத்தில் நிற்கிறது, மின்சாரம் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

"மத்தியானம் யாருக்குக் கரண்டு விக்கே?"

"விக்கலக்கா."

"பின்னே, சும்மா நின்ன வண்டியில கரண்டு தானா தீந்துபோச்சாக்கும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இன்னைக்கு ஒண்ணும் எழுதிராதீங்கக்கா. இந்த வண்டிய விட்டா எனக்கு வேற பொழப்பு கிடையாது."

திருட்டு என்றால் எனக்கு ஆகாது. மின்கலத்தைத் திரும்ப மாட்டிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் மதியம் என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சீட்டு காட்டிய இடத்துக்கே போனேன். எங்கள் ஆலைக்குப் பின்னால் மூன்றாவது தெரு. ஓர் அங்கன்வாடி. வாசலில் ஆட்டோ, ஆட்டோவிலிருந்து ஜன்னல் வழியே உள்ளே ஒரு வயர். உள்ளே ஏர்கூலர் ஓட, இருபத்திரண்டு பிள்ளைகள் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. வெளியே நாற்பத்தேழு டிகிரி. அக்கம்பக்கத்து வீடுகளில் மின்விசிறி ஓடவில்லை, பெண்கள் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க கரண்டு இல்லையா?"

"உங்க உலைய ஏத்துற நேரம்லா இது, தெருக் கரண்டு பூரா அங்க போயிரும். ரெண்டு மணிக்கு வந்துரும்" என்றாள் பேச்சித்தாய். சாதாரணமாகத்தான் சொன்னாள். குத்திக் காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

"எத்தன வருசமா நடக்கு?"

"மூணு வருசம் ஆச்சு. இங்க ஒரு பிள்ளைக்குச் சூட்டுல வலிப்பு வந்துருச்சு. அதுலருந்து மத்தியானம் வண்டிய இங்க கொண்டாந்து நிறுத்துறேன்."

"உன் பிள்ளையா?"

"இல்லக்கா. எனக்குப் பிள்ள கிடையாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. பதினெட்டு வருடமாக ஒவ்வொரு மின்கலத்தின் சூட்டையும் புள்ளி பிசகாமல் பார்த்தவள் நான். என் அறையில் ஏசி ஒரு நாளும் நின்றதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன சூடு என்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஆலைக்குத் திரும்பி அவள் சீட்டை எடுத்து வைத்தேன். காரணம் என்ற இடத்தில் பதினான்கு காரணங்கள் வரும், அதில் ஒன்றைத் தொட வேண்டும். விற்பனை, வீட்டு உபயோகம், கவனக்குறைவு என்று போகும் பட்டியல். எங்கள் உலை அந்தப் பட்டியலில் இல்லை. கடைசியாக ஒன்று இருந்தது: அதிகாரியின் அனுமதியுடன். அப்படி அனுமதி கொடுக்க எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது. ஆகவே அதைத் தொட்டால் கோடு அதிகாரியின் பெயருக்கு மாறும், வேலையும் போகும். வீரம் ஒன்றும் இல்லை, இரண்டு முறை கட்டைவிரலை வைக்கப் போய் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது முறை வைத்தேன்.

பேச்சித்தாய்க்குப் புதிய மின்கலம் கிடைத்தது. "பாஸ் ஆயிருச்சாக்கா?" என்று கேட்டாள். "ஆயிருச்சு, போ" என்றேன்.

மூன்றாம் நாள் என்னை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மதியம் கால் போன போக்கில் போனேன் என்று சொல்ல முடியாது, நேராக அங்கன்வாடிக்குத்தான் ஸ்கூட்டரை விட்டேன். வாசலில் அதே ஆட்டோ, அதே வயர். எனக்கு வந்ததே கோபம்.

"ஏம்மா, புதுசு வாங்கி மூணு நாள்கூட ஆகல. இதுலயும் ஆரம்பிச்சுட்டியா? என் எடத்துக்கு வந்திருக்கிறவன் என்னை மாதிரி இருக்க மாட்டான். கோடு போட்டுருவான்."

"தெரியுதுக்கா" என்றாள். "என்ன செய்யச் சொல்லுதீங்க? மணி பன்னெண்டு ஆயிருச்சுலா."

ஆட்டோவிலிருந்து வயரைப் பிடுங்கி என் ஸ்கூட்டரில் சொருகினேன்.

"உன் வண்டிய எடுத்துட்டுப் போயி சவாரியப் பாரு. என் பேர்லதான் கோடு கிடக்கே. இன்னொண்ணு விழுந்தா என்ன?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "பிள்ளைக முழிச்சிரும், சும்மா இரு" என்று அதட்டி அனுப்பினேன். அவள் போன பிறகு எனக்கும் அழுகை வந்தது.

ஸ்கூட்டர் மின்கலம் சின்னது, இப்போதே திறன் எழுபத்திரண்டு. இந்த வேலையில் இருந்தவளுக்குக் கணக்குத் தப்பாது. தினம் இரண்டு மணி நேரம் கொடுத்தால் வைகாசி முடியும்வரை தாங்கும். அதற்குப் பிறகு நான் நடந்து போய்க்கொள்வேன். ஆனியிலும் வெயில் குறையாது, பிள்ளைகளை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.