கதவு நிலையில் ஊதாக் கோடு

கோடு போட்டுச் சற்று நேரமாகியும் ஈரம் காயவில்லை. நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகும் பழைய பென்சில் அது. இப்போது கடையில் கேட்டால் விழிப்பார்கள். அம்மா எங்கே பத்திரப்படுத்தியிருந்தாளோ. கூடத்துக் கதவு நிலையில் அவனுடைய ஐந்து வயதிலிருந்து பதினைந்து வரை வருஷத்துக்கு ஒன்றாகக் கோடுகள் ஏறியிருந்தன. இன்று போட்டது பதினைந்தாம் வயசுக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது.

"வயசானா மனுஷன் குறுகித்தான் போவான்மா," என்று சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

கேட்டு வாங்கிக்கொண்டது அவன்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க கிரீஸில் கிடப்பவன். சனிக்கிழமை மகளை அடுத்த தெரு டியூஷனில் விட்டுவிட்டு அம்மா வீட்டுத் தரையில் மல்லாந்தால், வாய் தானாக எண்பதுகளுக்குப் போய்விடும். தெருவுக்கே ஒரு டிவி, சிக்கிய கேசட் நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றியது, இருட்டும்வரை ஓயாத விளையாட்டு. இந்தப் பேச்சை எடுத்தாலே மகள் காதைப் பொத்திக்கொள்வாள். அம்மா மட்டும்தான் அலுக்காமல் கேட்பாள். "அந்தக் காலம் திரும்ப வந்தா தேவலம்மா," என்று இன்றும் சும்மாதான் சொன்னான். "எழுந்து நில்லு, பாப்போம்," என்றாள்.

மறுபடி வந்து படுத்தான். மின்விசிறியின் முனகலுக்கு அடியிலிருந்து இன்னொரு சத்தம் மெல்ல மேலே வந்தது. எப்போதோ பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்ட ரேடியோ, நிலையம் பிடிக்காமல் சமையலறையில் இரைந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பின் வாசனை, அதற்குள் புது நோட்டுப் புத்தகத்தின் வாசனை, நெற்றியில் அம்மாவின் கை. உண்மையைச் சொன்னால், சுகமாக இருந்தது. கைக்கடிகாரம் மணிக்கட்டைவிட்டு முழங்கைக்கு நழுவியபோதுதான் எழுந்து உட்கார்ந்தான். பேண்ட்டின் நுனி பாதத்தைத் தாண்டிக் கிடந்தது.

"நில்லு," என்றாள் அம்மா.

அந்தக் குரலுக்கு அவன் என்றைக்கும் மாட்டேன் என்றதில்லை. கால்கள் தாமாகப் போய் நின்றன. உச்சந்தலையில் ஸ்கேல் அழுத்தியது. பென்சில் கீறுவது மண்டைக்குள் கேட்டது. திரும்பிப் பார்த்தான். பன்னிரண்டாம் வயசுக் கோட்டின் மேலேயே விழுந்திருந்தது.

"போதும்மா. பாப்பா வந்துடுவா."

"எந்தப் பாப்பா?" அம்மாவின் நாக்கு ஊதாவாக இருந்தது. "வளந்து வளந்து எனக்கென்ன பண்ணின? வாரத்துக்கு ஒரு தடவ வந்து படுத்துட்டுப் போற. நில்லு."

ஒன்பது. பிறகு ஏழு.

டியூஷன் முடிந்தால் மகள் நேராக இங்கேதான் வருவாள். வரக்கூடாது. அவள் இந்த வாசலை மிதிக்கவே கூடாது. ஓடினான். பேண்ட் தடுக்கியது, கழன்றது. சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கதவில் மேல்தாழ்ப்பாள். அவன் தெருவுக்கு ஓடாமலிருக்க அந்தக் காலத்தில் அம்மா போட்டது. எம்பினான். எட்டவில்லை. அலமாரி மேல் செல்போன் அடித்தது. அதுவும் எட்டவில்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறினான். தோளில் டியூஷன் பையோடு மகள் வாசலில் நின்றிருந்தாள். அவனை நேராகப் பார்த்தாள்.

"தம்பி, எங்கப்பா உள்ள இருக்காரா?"

"போ." கீச்சென்று வந்தது. "போயிடு. வராத."

"பாருடா, கோவத்த," என்று கம்பிக்குள் கைவிட்டு அவன் கன்னத்தைக் கிள்ளினாள்.

பின்னால் தாழ்ப்பாள் விலகியது. அம்மாவுக்கு எட்டியது.

"வாடா கண்ணு. உங்கப்பன் இங்கதான் இருக்கான். எவ்வளவு வளந்துட்ட நீ. செருப்பக் கழட்டிட்டு இப்படி நில்லு, பாப்போம்."

"யாரு பாட்டி இந்தப் பையன்?" என்று கேட்டுக்கொண்டே மகள் நிலையில் முதுகை ஒட்டினாள்.

அவன் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான். கூப்பிட அவள் பெயரைத் தேடினான். கிடைக்கவில்லை. யாரிவள்? ஏன் இழுக்கிறோம்?

"அக்கா," என்றான்.

அம்மா பென்சிலை நாக்கில் தொட்டாள். ஸ்கேல் இறங்கியது. கோடு விழுந்தது.

அக்காவின் தோளிலிருந்து பை நழுவித் தரையில் விழுந்தது.