ஒரு குட்டிக்கு ஒரு நம்பர்

திருவனந்தபுரத்தில் ஆரியசாலை என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது. அங்கே மலையாளம் ஒரு சொல்கூடத் தெரியாமல் மூன்று தலைமுறை குடித்தனம் நடத்தலாம். மளிகைக் கடையில் தமிழ், பூக்கடையில் தமிழ், குழாயடிச் சண்டையும் தமிழ்தான்.

அஜிதாவின் அம்மா மாடம்மாளும் அப்படித்தான் மூன்று வருடத்தை ஓட்டிவிட்டாள். அவர்களுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அப்பா செல்வமணிக்கு ஆரியசாலை மொத்தக் கடை ஒன்றில் வேலை. அம்மா தம்பானூரில் ஒரு ஹோட்டலில் காலையில் காய்கறி நறுக்கப் போவாள். அங்கே கூட நறுக்கும் நாலு பேரும் தென்காசிக்காரர்கள்.

சிக்கல் இந்த ஜூன் மாதம்தான் ஆரம்பித்தது. ஐந்தாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளியில் படித்த அஜிதா, ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்ந்தாள். அங்கே எல்லாமே மலையாளம். அஜிதாவுக்குப் பயமில்லை. தெருப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடியே அவள் மலையாளம் கற்றுக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் பாடுதான் திண்டாட்டம். வகுப்பாசிரியை ராகேல் டீச்சர் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்செய்தி அனுப்புவார். அது வந்து சேருவது அம்மாவின் ஃபோனில். அம்மா அதை ஒருமுறை கேட்பாள். மறுபடியும் கேட்பாள். அப்புறம் இன்னொரு முறை கேட்பாள்.

"எத்தன தடவம்மா கேப்ப? எனக்கே மனப்பாடம் ஆயிட்டு!" என்று அஜிதா சலித்துக்கொள்வாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் மழை வெளுத்து வாங்கியது. அஜிதா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படியில் டீச்சரின் குரல் கேட்டது. நிமிராமலே, "டீச்சர் என்னம்மா சொன்னாங்க?" என்றாள்.

"நாளைக்கு மழையில எல்லாருக்கும் ரொம்ப அவதியாம். கலெக்டரே சொல்லிட்டாராம். மறக்காமக் குட எடுத்துட்டுப் போ, மக்கா" என்றாள் அம்மா.

மறுநாள் அஜிதா குடையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை நனைந்து பள்ளிக்குப் போனாள். வாசலில் பூட்டு தொங்கியது. காவல்காரர் யூசுப் இக்கா அவளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னு அவதி அல்லே, மோளே!"

மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. தமிழில் அவதி என்றால் என்னவென்று, தொப்பலாக நனைந்து வீட்டுக்குத் திரும்பிய அஜிதாவைக் கேட்டால் சொல்வாள்.

விஷயம் அதோடு முடியவில்லை. அவள் சிநேகிதி மீனுவிடம் சொந்த ஃபோன் இருந்தது. யூசுப் இக்கா சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை அவள் காதுக்கு எட்டியது. அவள் விரல் வழியாக வகுப்பு முழுவதற்கும் எட்டியது. அடுத்த நாளே அஜிதாவுக்கு 'அவதி அஜிதா' என்று பெயர் விழுந்தது.

அன்று சாயங்காலம் அஜிதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"ஒனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா! மீனு, பிரஜின், எல்லாருக்கும் சொந்த ஃபோன் இருக்கு. எனக்கும் தனி ஃபோன் வேணும். டீச்சர் சொல்றத நானே கேட்டுக்கிடுவேன்."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்தது வெங்காயத்தால்தான் என்று அஜிதா நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் அப்பா வேலை செய்யும் கடையின் கணக்கர் ராமசுப்ரமணியன் வழிவிட்டார். அவர் புது ஃபோன் வாங்கியதால், பழையதைத் தூக்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டார். மூன்றாம் எண் தேய்ந்துபோன பொத்தான் ஃபோனை வைத்திருந்த அப்பா, அந்தப் பெரிய ஃபோனை ஒருமுறை ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு, புது சிம் போட்டு அஜிதாவிடம் நீட்டினார்.

அஜிதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே ராகேல் டீச்சருக்குச் செய்தி அனுப்பினாள்.

டீச்சரிடம் ஒரு சட்டம் உண்டு: ஒரு குட்டிக்கு ஒரு நம்பர். குட்டி என்றால் அவர்கள் பேச்சில் பிள்ளை. போன வருடம் ஒரு பிள்ளைக்கு மூன்று நம்பர் என்று சேர்ந்து, காலை வணக்கப் படங்களுக்கு அடியில் வீட்டுப்பாடமே புதைந்து போனதாம். அதனால் அம்மாவின் நம்பரை எடுத்துவிட்டு அஜிதாவின் நம்பரைச் சேர்த்தார்.

ஐந்து மணிக்குக் குரல்செய்தி வந்தது. அஜிதா காதில் வைத்து ஒரே முறை கேட்டாள். வேலை முடிந்தது.

"இன்னைக்கு ஒங்க டீச்சரு என்ன சொன்னாவ?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. வீட்டுப்பாடம்தான்."

மறுநாளும் அம்மா கேட்டாள். அஜிதாவும் அதையே சொன்னாள். நாலாம் நாள் அம்மா கேட்கவில்லை.

இரண்டு வாரம் போனது. ஒரு நாள் பள்ளி விட்டு வந்து பையை எறிந்துவிட்டு, அஜிதா தெருவில் விளையாடப் போனாள். தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

அடுப்படியில் ராகேல் டீச்சரின் குரல் கேட்டது!

"நாளெ எல்லா குட்டிகளும் வர்ணக்கடலாஸ் கொண்டுவரணம்."

நாளைக்கு வண்ணக் காகிதமா? அஜிதா பதறிப்போய்த் தன் ஃபோனைப் பார்த்தாள். புதிய செய்தி எதுவும் இல்லை. வண்ணக் காகிதம் ஜூலை மாதத்துச் சங்கதி. அதை வெட்டி ஒட்டி மயில் செய்து மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று.

மெல்ல எட்டிப் பார்த்தாள். உப்பு டப்பாவில் சாய்த்து வைத்த ஃபோனைப் பார்த்தபடி அம்மா பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள். டீச்சர் பேசி முடித்ததும் அம்மா சொன்னாள்:

"வர்ணக்... கடலாஸ்... கொண்டுவரணம்."

விரலால் தொட்டு மறுபடியும் ஓடவிட்டாள். மறுபடியும் சொன்னாள். பக்கத்தில் நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள் கொஞ்சம் கிடந்தன. அவற்றின் பின்பக்கத்தில் அம்மாவின் கோணல் எழுத்து.

வெள்ளம் – தண்ணி.
குட்டி – பிள்ள.
வேதன – வலி.

எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு கோடு போட்டு: அவதி – லீவு. மறக்கக் கூடாது.

அஜிதா உள்ளே வந்தாள்.

"அம்மா... அது பழசும்மா. ஜூலை மாசத்துது."

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரிச் சிரித்தாள். "தெரியும்ட்டி. என்னைய எடுத்த பொறவு எனக்குப் புதுசு வாரதில்லல்லா? அதான், இருக்கிறத வச்சு ஓட்டுதேன்."

"அப்ப நீ தெனமும் திருப்பித் திருப்பிக் கேட்டதெல்லாம்..."

"படிச்சேன்ட்டி. இந்தத் தெருவுல மலையாளத்துல என்ட்ட பேச யாரு இருக்கா? ஒங்க டீச்சரு ஒருத்திதான் தெனம் பேசுனாவ." அம்மா மத்தைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். "போன மீட்டிங்குல எல்லா அம்மாமாரும் அவங்கவங்க பிள்ளையப் பத்திக் கேட்டாவ. நான் மட்டும் சும்மா சிரிச்சுட்டு நின்னேன். ஒன்னப் பத்தி ரெண்டு வார்த்த கேக்கணும்னு எனக்கும் ஆச இருக்காதா, மக்கா?"

அஜிதாவுக்கு எதற்கு வீட்டுக்குள் வந்தோம் என்பதே மறந்துபோனது.

அன்று முன்வாசலில் உட்கார்ந்து அவள் யோசித்தாள். கையில் ஃபோன் டிங் டிங் என்று அழைத்துக்கொண்டே இருந்தது. வகுப்புக் குழுவில் பிரஜின் ஒரு குரங்குப் படம் அனுப்பியிருந்தான். மீனு அதற்கு ஒன்பது சிரிப்புப் பொம்மைகள் போட்டிருந்தாள். எல்லாரும் இருக்கும் இடத்தில் தானும் இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது!

தினமும் தன் ஃபோனிலிருந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினால் என்ன? காட்டலாம்தான். ஆனால் விளையாட்டு மும்முரத்தில் எத்தனை நாள் மறந்துபோகும்? அப்போதெல்லாம் அம்மா தன் முகத்தையே பார்த்துக் காத்திருப்பாள். இரண்டு வாரமாக "ஒண்ணுமில்லம்மா" என்று சொன்ன வாயை நம்பச் சொல்வது எப்படி?

அவள் டீச்சருக்கு எழுதினாள். 'டீச்சர், அம்மா நம்பரை மறுபடியும் சேர்க்க முடியுமா?'

பதில் உடனே வந்தது. 'ஒரு குட்டிக்கு ஒரு நம்பர். உன்னுடையதை எடுத்துவிடட்டுமா? நன்றாக யோசித்துச் சொல்.'

அஜிதா குரங்குப் படத்தை இன்னொருமுறை பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். 'எடுத்துவிடுங்கள் டீச்சர்' என்று எழுதிவிட்டு, மனம் மாறுவதற்குள் அனுப்பிவிட்டாள்.

அப்பா வந்ததும் ஃபோனை அவர் கையில் வைத்தாள்.

"ஏன் மக்கா? இதுக்குத்தான வானத்துக்கும் பூமிக்கும் குதிச்ச?"

"டீச்சர் பேசுறத நானும் அம்மாவும் சேந்தே கேட்டுக்கிடுவோம்பா. இது ஒங்ககிட்ட இருக்கட்டும். மீனுகூடப் பேசணும்னா கேக்கேன், குடுத்தாப் போதும்."

"சரி, சரி. நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றார் அப்பா, பெரிய பொறுப்பை ஏற்பவர் போல. அடுத்த கால் மணி நேரத்தில், வெளிச்சத்தைக் கூட்டுவது எப்படி, எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி, தன் முகம் ஏன் தலைகீழாகத் தெரிகிறது என்று மூன்று முறை அஜிதாவைக் கூப்பிட்டார்.

அடுத்த நாள் முதல் அம்மாவுக்குக் குரல்செய்தி வரத் தொடங்கியது. அஜிதா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அம்மா தட்டுத் தடுமாறினால் மட்டும் வாய் திறப்பாள். தாள்கள் கூடிக்கொண்டே போயின.

ஒரு வெள்ளிக்கிழமை. டீச்சர் நாற்பத்தி இரண்டாம் பக்கத்தை எழுதிவரச் சொன்னார். குழுவில் கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. இருபத்தி நாலு கட்டைவிரல்.

அம்மா மட்டும் செய்தியை மறுபடியும் கேட்டாள். நெற்றி சுருங்கியது.

"ஏட்டி, ஒங்க டீச்சருக்குத் தொண்ட கட்டியிருக்கு."

"அப்படியா? நான் கவனிக்கலம்மா."

"எனக்குத் தெரியாதா அந்தக் குரலு? நேத்தே லேசாக் கரகரன்னு இருந்துச்சு." அம்மா தயங்கினாள். "மலையாளத்துல சுக்குக்கு என்னட்டி?"

"சுக்குதான்!"

"அட, நல்லதாப் போச்சு."

அம்மா இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மைக்கை அழுத்தினாள். விரல் வழுக்கி, "டீ" என்று மட்டும் குழுவுக்குப் போய்விட்டது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மா மறுபடியும் அழுத்தினாள்.

"டீச்சரே, தொண்டைக்கு வேதன உண்டோ? சுக்கு இட்டு சூடுவெள்ளம் குடிக்கணம்."

போய்விட்டது. சுடுதண்ணீரைத்தான் அம்மா சொன்னாள், சரியாகத்தான் சொன்னாள். ஆனாலும் யாராவது சிரித்துவிட்டால்? அம்மாவுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால்? அவள் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நிமிடம் எதுவும் வரவில்லை. பிறகு டிங் என்றது. ராகேல் டீச்சரின் குரல், கரகரவென்று, ஆனால் சிரித்தபடி:

"அஜிதயுடெ அம்மே, வளரெ சந்தோஷம்! சுக்கு எத்ர இடணம்?"

"அம்மா, டீச்சர் என்ன கேக்காங்கன்னா..." என்று அஜிதா ஆரம்பித்தாள்.

"சும்மா இருட்டி. எவ்வளவு சுக்குப் போடணும்னு கேக்காவ. டீச்சருக்கே சந்தேகம் வந்துட்டு!" என்றாள் அம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, மைக்கை அழுத்தினாள். இந்த முறை விரல் வழுக்கவில்லை.